ஏலத்தில் கேட்டவர் பணம் தராவிட்டால்



சில ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன், தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வேளையில், நம்மிடையே உள்ள ஒரு தாயார் என்னை ஒரு புறமாக அழைத்தார். அவர் அனுமதியின் பேரிலேதான் இதை எழுதுகிறேன். அவர் யாரென்று ஊகிக்க வேண்டாமென உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய கணவர் இறந்து இரண்டு வருடமாகிறது. அவர் ஆசையாய் வைத்திருந்த பழைய பிலிம் கமரா ஒன்றை, குளிர்காலக் காஸ் கட்டணத்துக்கு உதவுமே என்று, மகனைக்கொண்டு இணைய ஏலத்தில் போட்டிருக்கிறார். ஏழு நாள் ஏலம். முடிவில் 140 பவுணுக்கு ஒருவர் வென்றார். தாயார் அன்றிரவே கமராவைத் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து ஒட்டி, நடை வழியில் வைத்துவிட்டார். சுற்றும்போது அழுதாராம். ஒரு நாளாயிற்று, நான்கு நாளாயிற்று, ஆறு நாளாயிற்று. பணமும் இல்லை, பதிலும் இல்லை.

“சுவாமி, அந்த ஆளை நான் மன்னிக்க வேணுமோ? மன்னிச்சால் காசையும் விட வேணுமோ? இவன் இப்படிப்பட்டவன் எண்டு எல்லாருக்கும் தெரிய எழுதினால் அது பாவமோ?”

மூன்று கேள்விகள், மூன்றும் வெவ்வேறானவை. அன்று தேநீர் ஆறிப்போகும் அவசரத்தில் நான் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னது எனக்கே திருப்தியாயில்லை. ஆகையால் இவ்வாரம் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன். நம் குடும்பங்களில் பாதிப்பேராவது இப்படி எதையாவது விற்கிறீர்கள் அல்லது வாங்குகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

முதலில், வயதானவர்களுக்காக, இந்த ஏலம் நடக்கும் விதத்தைக் கூறுவோம். இதில் மணியக்காரரும் இல்லை, சுத்தியலும் இல்லை. விற்பவர் பொருளின் படத்தையும் விவரத்தையும் போட்டு ஒரு தவணை குறிக்கிறார். வேண்டியவர்கள் தாம் கொடுக்கக்கூடிய உச்ச விலையை இரகசியமாகக் குறித்து வைக்கிறார்கள். இயந்திரம் அவர்களுக்காகப் படிப்படியாய் விலையை ஏற்றிக்கொண்டு போகிறது. தவணை முடிந்த நொடியில் மேலே நிற்பவர் வாங்கினவராகிறார். ஆனால் தமது உச்ச விலையை அல்ல, தமக்கு அடுத்தவரின் விலைக்கு ஒரு படி மேலே உள்ளதையே கொடுக்கிறார். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இவ்வகை ஏலங்களுள் பேர்பெற்ற ஈபே, 1995இல் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் பியேர் ஒமிட்யார் என்பவரால் தொடங்கப்பட்டது. அங்கே முதலில் விற்கப்பட்டது உடைந்துபோன ஒரு லேசர் சுட்டு விளக்கு. போன விலை 14 டொலர் 83 சதம். ‘இது உடைந்தது என்று தெரிந்துதானே வாங்குகிறீர்கள்?’ என்று அவர் எழுதிக் கேட்க, ‘உடைந்தவற்றையே நான் சேர்க்கிறேன்’ என்று மறுமொழி வந்ததாம். மனிதர் அடிப்படையில் நல்லவர்களே என்ற நம்பிக்கையின்மேல் அந்தத் தளத்தைக் கட்டினதாக அவர் சொல்லிவந்தார். சென்மப் பாவத்தைப் பற்றி ஞானோபதேசத்தில் படித்த நமக்கு அது பாதி உண்மை என்று தெரியும். மறு பாதிதான் இந்தத் தாயாரின் நடை வழியில் பெட்டியாய்க் கிடந்தது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஏலத்தில் விலை கேட்பது வெறும் பேச்சா, வாக்குறுதியா, ஒப்பந்தமா? இதைத் தீர்மானித்தாலன்றி மற்றவற்றைத் தீர்மானிக்க முடியாது.

இந்த நாட்டு நீதிமன்றம் 1789இல் பேன் எதிர் கேவ் என்ற வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஏலத்தில் 40 பவுண் கேட்ட ஒருவர், சுத்தியல் விழுமுன் தம் கேள்வியை மீட்டுக்கொண்டார். மீட்கலாம் என்றது நீதிமன்றம். ஏனெனில் சுத்தியல் விழும் வரை அது ஒரு முன்மொழிவு மாத்திரமே, விற்பவர் இன்னும் சம்மதிக்கவில்லை. 1979ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் 57ஆம் பிரிவும் அதையே சொல்லுகிறது: சுத்தியல் விழுந்ததும் விற்பனை முடிந்தது, அதற்கு முன் விலகலாம். இணைய ஏலத் தளங்கள் ஒரு படி அதிகம் போய், கேட்ட விலையை இடையில் மீட்பதையும் சில காரணங்களுக்கு மட்டுமே அனுமதிக்கின்றன. அந்த விதிகளுக்குச் சம்மதம் என்று அழுத்தித்தான் ஒருவர் உள்ளே வருகிறார். ஆகவே தவணை முடிந்தபின் வென்றவர் ‘நான் சும்மா கேட்டுப் பார்த்தேன்’ என்று சொல்ல இடமில்லை.

நம் வேத சாஸ்திரிகள் இதில் ஒரு நுட்பமான வேறுபாடு காட்டுகிறார்கள். ‘உனக்கு ஒரு மாம்பழம் தருகிறேன்’ என்று நான் இனாமாகச் சொல்லும் வாக்கு, பிரமாணிக்கம் என்னும் புண்ணியத்தினால் என்னைக் கட்டுகிறது. ஆனால் இரு தரப்பிலும் பொறுப்பு ஏற்கும் கொடுக்கல் வாங்கல் ஒப்பந்தமோ நீதியினாலேயே கட்டுகிறது. முன்னதை மீறினால் சாதாரணமாய் அற்பப் பாவம். பின்னதை மீறினால் அது ஏழாம் கற்பனையைச் சேர்ந்த காரியம். அதனால் விளைந்த நட்டத்துக்குப் பரிகாரம் செய்யும் கடமையும் உண்டு. ஏலத்தில் வென்றவர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் ஏழாம் கற்பனையின் கீழேதான் வாக்குறுதிகளையும் ஒப்பந்தங்களையும் வைத்துப் பேசுகிறது.

நட்டமென்ன, பொருள் விற்பவரிடம்தானே இருக்கிறது என்று நம் வாலிபர் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எண்ணிப் பாருங்கள். ஏழு நாள் ஏலம் வீணானது. பணத்துக்குக் காத்திருந்த நாட்கள் வீணாயின. மறுபடியும் பட்டியலில் போட்டால், முன்பு விற்றது ஏன் திரும்பி வந்தது, ஏதோ குறை இருக்கிறதோ என்று பார்ப்பவர் சந்தேகிப்பார்கள், விலை குறையும். உண்மையாகவே அதை விரும்பிய இரண்டாம் ஆள், தோற்றுவிட்டோம் என்று வேறொன்றை வாங்கியிருப்பார். இவற்றோடு, கணவருடைய பொருளைச் சுற்றிக் கட்டிப் பிரியாவிடை கொடுத்துவிட்ட ஒரு விதவைத் தாய், அந்தப் பெட்டியைத் தினமும் தாண்டிப் போகவேண்டியிருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாலிபர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். ஒரே மாதிரியான நான்கு பொருட்களுக்கு ஒரே நேரத்தில் விலை கேட்டுவிட்டு, எது மலிவாய் விழுகிறதோ அதற்கு மட்டும் பணம் கட்டி, மற்ற மூன்றையும் கைவிடும் வழக்கம் சிலரிடம் உண்டென்று அறிகிறேன். இதைச் சாமர்த்தியம் என்கிறார்கள். நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கொடுத்த வாக்குக்குப் பொய் என்றுதான் பெயர். இரண்டு குமாரர் உவமையில் சேசுநாதர் காட்டும் ஒரு மகன், ‘போகிறேன் ஐயா’ என்று மரியாதையாய்ச் சொல்லிவிட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குப் போகாமலிருந்தான். முதலில் மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பிறகு போனவனே தகப்பனின் சித்தத்தைச் செய்தவன்.

ஆனால் அந்தக் கமராவைக் கேட்டவர் அப்படிப்பட்டவர்தானா? இது வேறு கேள்வி. அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் பொய்யைப் பற்றி எழுதுமிடத்தில் இதைத் தொட்டுப் போகிறார். நிறைவேற்றும் எண்ணத்தோடு வாக்களித்தவன் பொய் சொன்னவன் அல்ல. பின்பு மனதை மாற்றிக்கொண்டால் பிரமாணிக்கம் தவறினவன். ஆயினும் இரண்டு காரணங்களால் அவனுக்கு விலக்கு உண்டு: வாக்களித்த காரியமே தகாததாயிருந்தால், அல்லது ஆட்களின் நிலைமையோ காரியத்தின் நிலைமையோ மாறிப்போனால். அர்ச். சின்னப்பர் கொரிந்து நகருக்கு வருவதாகச் சொல்லி வராமற் போனதை அவர் இதற்கு உதாரணமாக்குகிறார். அப்போஸ்தலருக்கே தடை வந்ததென்றால், கமரா கேட்டவருக்கு வரக்கூடாதா? விலை கேட்ட மறுநாள் வேலை போயிருக்கலாம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கலாம். வங்கி அட்டையைத் தடுத்திருக்கலாம். வீட்டுப் பிள்ளை தகப்பனுடைய தொலைபேசியில் விளையாடி அழுத்தியிருக்கலாம். நம் பங்கிலேயே அப்படி ஒரு தையல் இயந்திரம் வாங்கப்பட்ட கதை உண்டு. பிறர் செய்கைக்கு நல்ல பொருள் கொள்ள இடமிருக்கும்வரை அதையே கொள்ள வேண்டும், கொள்ள முடியாவிட்டால் அவரிடமே கேட்க வேண்டும் என்று அர்ச். இஞ்ஞாசியார் தம் ஞானப் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே எழுதி வைத்தார். கேட்பதுதான் இங்கே முக்கியம். தாயாரின் மகன் ஒரு தரமாவது விசாரித்து எழுதினாரா என்றேன். எழுதவில்லை. ‘அவன்தானே எழுத வேணும்’ என்ற ரோசம். ரோசம் நியாயமானதுதான்; ஆனால் அதனால் ஒரு காரியமும் நடக்கவில்லை.

விற்பவர் பக்கத்தையும் சோதிக்காமல் விடக்கூடாது. குறையுள்ள பொருளை விற்பவன், அந்தக் குறை மறைவாயிருந்து வாங்குபவனுக்கு நட்டம் அல்லது ஆபத்து விளைக்கக்கூடியதானால், அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவன் என்று அதே அர்ச். தோமாஸ் சொல்லுகிறார். கண்ணாடியில் பூஞ்சணம் பிடித்ததை மறைக்கும் கோணத்தில் படம் எடுத்துப் போட்டுவிட்டு, வென்றவர் பிறகு விசாரித்து அறிந்து பின்வாங்கினால், அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. (அந்தத் தாயாரின் கமராவில் அப்படி ஒன்றுமில்லை, தோற்பையின் வார் அறுந்ததைக்கூட எழுதியிருந்தார்கள்.) அதைவிடக் கேடானது, மைத்துனரையோ சிநேகிதரையோ விட்டுத் தன் பொருளுக்கே பொய் விலை கேட்கவைத்து ஏற்றுவது. அது களவு, இந்த நாட்டில் சட்டப்படியும் குற்றம். கற்களின் இடுக்கில் முளை இறுகி நிற்பதுபோல் விற்பதற்கும் வாங்குவதற்கும் இடையில் பாவம் நிற்கிறது என்று சீராக் ஆகமம் கூறும்போது, அது வாங்குகிறவனை மட்டும் பார்த்துச் சொல்லவில்லை.

இனி முதற் கேள்வி. மன்னிக்க வேண்டுமா? வேண்டும், அதில் நமக்கு வேறு வழி கொடுக்கப்படவில்லை. ஆனால் மன்னிப்பது ஒன்று, கடனை விடுவது வேறொன்று. மன்னிப்பு என்பது அவர்மேல் பகையையும் பழிவாங்கும் ஆசையையும் விட்டுவிடுவது. கடனை விடுவதோ என் உரிமையை நானாக விட்டுக்கொடுப்பது. அது தரும காரியம், கடமையல்ல. மத்தேயு சுவிசேஷம் 18ஆம் அதிகாரத்தில் இவ்விரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கவனியுங்கள். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே பேசு, பிறகு ஓரிருவரோடு போ, பிறகு சபைக்குச் சொல் என்று படிமுறை வைத்த அதே ஆண்டவர், அடுத்த மூச்சிலே எழுபது முறை ஏழு தரம் மன்னிக்கச் சொல்லி, 100 தெனாரியத்துக்காகத் தோழனின் கழுத்தை நெரித்த ஊழியனின் கதையைச் சொல்லுகிறார். தெனாரியம் கூலியாளின் ஒரு நாட்கூலி. ஆகவே 100 தெனாரியம் சிறிய தொகையல்ல. அந்த ஊழியன் கேட்டது பொய்க்கடனும் அல்ல. பதினாயிரம் தாலந்து தனக்கு விடப்பட்டதை மறந்து அவன் கேட்ட விதத்திலேதான் அவனுக்குக் கேடு வந்தது.

ஆகவே தாயார் செய்யத்தக்கது: மகனைக்கொண்டு முதலில் மரியாதையாய் ஒரு வரி எழுதட்டும். ‘பணம் இன்னும் வரவில்லை, ஏதேனும் சிரமமுண்டா? வேண்டாமென்றால் சொல்லிவிடுங்கள், விற்பனையை நீக்கிவிடுகிறோம்.’ ஈபேயில் வாங்கினவருக்கு நான்கு நாள் அவகாசம். அதற்குமேல் விற்பவர், பணம் செலுத்தவில்லை என்ற காரணத்தைக் குறித்து விற்பனையை நீக்கலாம். அப்படிக் குறிப்பது பழிவாங்கல் அல்ல. நடந்ததை நடந்தபடி, கேட்க வேண்டியவர்களிடம் சொல்வது மட்டுமே. மறுபடி அந்த ஆள் தம் பொருளுக்கு விலை கேட்காதபடி தடுத்துவைப்பதும் பகையாகாது. எரிந்த விரலை மறுபடி அடுப்பில் வைக்கும்படி எந்த அர்ச்சியசிஷ்டரும் போதிக்கவில்லை. வழக்குப் போட உரிமையுண்டா என்றால் உண்டு. 140 பவுணுக்கு அது புத்தியுள்ள காரியமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம் கேள்விக்கு, அதாவது ஊரறிய எழுதலாமா என்பதற்கு, ஒரு சரித்திரமே மறுமொழி தருகிறது. ஈபேயில் 1996 முதல் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் நல்லது கெட்டது எழுதி வைக்கும் ஏற்பாடு இருந்தது. நாளடைவில் விற்பவர் சிலர் அதை ஆயுதமாக்கினார்கள். வாங்கினவர் உண்மையான குறையை எழுதினால், பதிலுக்கு அவரைப் பற்றிக் கேவலமாய் எழுதினார்கள். அதற்கு அஞ்சி மற்றவர்கள் உண்மையை எழுதாமல் விட்டார்கள். கடைசியில் 2008இல் வாங்குபவரைப் பற்றி விற்பவர் குறையெழுதும் உரிமையே எடுக்கப்பட்டது. அதனால் இன்று பணம் தராதவரைப் பற்றி நேர்மையான விற்பவரும் எழுத முடியாது. சிலர் எட்டாம் கற்பனையை மீறினதன் தண்டத்தை எல்லாரும் செலுத்துகிறார்கள். இதற்கு மாற்றாக முகநூலிலோ வாட்ஸ்அப் குழுக்களிலோ அந்த ஆளின் பெயரையும் விலாசத்தையும் போடலாமே என்று மகன் எண்ணியிருந்தார். கூடாது. சொல்வது உண்மையாயிருந்தாலும், தக்க காரணமின்றி ஒருவருடைய மறைவான குற்றத்தை அதை அறியாதவர்களுக்கு வெளிப்படுத்துவது அவதூறுக்கு அடுத்த வீட்டுப் பாவம். அதிலும், குற்றமோ விபத்தோ என்று இன்னும் தெரியாத நிலையில்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் அந்தத் தாயார் போகும்போது, நான் எதிர்பாராத நான்காம் கேள்வி ஒன்றைக் கேட்டார். அதுதான் என்னை ஒரு வாரம் யோசிக்க வைத்தது.

வென்றவர் விலகிப்போனால், அடுத்தபடி கேட்டவருக்கு அவர் கேட்ட உச்ச விலைக்கே பொருளைக் கொடுக்க முன்வரும் வசதி உண்டு. இரண்டாமவர் கேட்டிருந்த உச்ச விலை 138. மூன்றாமவர் 90க்கு மேல் போகவில்லை. “சுவாமி, அந்த மற்ற ஆளிட்ட 138 கேக்கிறது நியாயமோ?” என்றார். பாருங்கள்: பணம் தராத அந்த ஆள் வந்திராவிட்டால், இரண்டாமவர் 92 பவுண் அளவில் வென்றிருப்பார். விலை 140 வரை ஏறினது, நிறைவேறாத ஒரு வாக்கினால். தமக்கு அநீதி செய்யப்பட்ட வேளையிலும் பிறருக்குத் தம்மால் அநீதி நேருமோ என்று அஞ்சின அந்த மனச்சாட்சிக்கு நான் தலை வணங்குகிறேன்.

என் எண்ணம் இது. 138 கேட்பது அநீதியல்ல. பொருளுக்கு அந்த விலை தகும் என்று அவர் தாமே மனதாரக் குறித்தார். ஏமாற்று எதுவும் தாயாரிடமிருந்து வரவில்லை. வேண்டாமென்று மறுக்க அவருக்குப் பூரண சுதந்திரம் உண்டு. அர்ச். தோமாஸ் சொல்லும் நியாய விலையும் கணித நூலிட்டு அளந்த புள்ளியல்ல. ஏறக்குறைய ஒரு மதிப்பு. அதே சமயம் 92 கொடுக்க வேண்டுமென்ற கடமையும் இல்லை. அவருக்கு அந்த விலையில் ஒப்பந்தம் எதுவும் ஏற்படவில்லையே. இடையில் ஒரு விலை குறித்து, பணம் உடனே செலுத்தினால்தான் விற்பனை என்ற நிபந்தனையோடு தளத்திலேயே நிர்ணய விலைக்குப் போட்டால், யாரும் யாரையும் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை. தளத்தை விட்டு வெளியே இரகசியப் பேரம் பேச வேண்டாம் என்றும் சொன்னேன். அதுவும் தாம் சம்மதித்த விதிக்கு மாறு. வேறு சுவாமிமார் 92தான் நியாயம் என்று சொல்லக்கூடும். அவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

தாயார் 115 பவுண் என்று குறித்துப் போட்டார். மூன்றாம் நாள் விற்றது. வாங்கினவர் முன்பு கேட்டவர்தானா என்பது தெரியவில்லை. கண்ணாடி நல்ல தெளிவாய் இருக்கிறதென்று நன்றி எழுதியிருந்தாராம். முதலில் வென்றவரிடமிருந்து இன்றுவரை ஒரு சொல்லும் வரவில்லை. அவருக்கு ஏதும் தீங்கு நேர்ந்திருக்கக்கூடாதென்று தாயார் ஒரு செபமாலை சொன்னதாக மகன் மூலம் அறிந்தேன்.

கடைசியாக ஒரு சிறு அறிவிப்பு. சென்ற ஆவணி மாதத் திருநாளன்று நம் மண்டபத்தில் நேர்ச்சைப் பொருட்கள் ஏலம் விடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். கைதட்டல்களுக்கிடையே 60 பவுணுக்குப் போன வாழைக்குலைக்கும், 45 பவுணுக்குப் போன சேவலுக்கும் (அது பொம்மைச் சேவல் என்பதைச் சிறுவர்களுக்காகச் சொல்லுகிறேன்) இன்னும் பணம் வந்து சேரவில்லை. கணக்குப் புத்தகம் சக்கிறீஸ்து அறையில் இருக்கிறது. பெயர்களை நான் வாசிக்கப்போவதில்லை. இரண்டாம் பூசைக்குப் பின் அரை மணி நேரம் அங்கே இருப்பேன். ஏதேனும் சிரமமிருந்தால் அதையும் வந்து சொல்லலாம்.